கனவை இரவல் வாங்காதீர்கள்





விற்பனைத் தொழிலில் சோர்ந்து போகாமல் இருப்பது எப்படி என்று பேசச் சொன்னார்கள். நான் பேச்சாளர் அல்ல. இறக்காமத்தில் வீடு வீடாகப் போய்த் தவணைக்குத் தையல் மெசின் விற்றவள். நடந்ததைச் சொல்கிறேன்.

பயிற்சி வகுப்பில், "உங்கள் கனவைப் படமாகச் சுவரில் ஒட்டுங்கள்" என்றார்கள். எல்லோரும் கார்ப் படம் ஒட்டினார்கள், நானும் ஒட்டினேன். மூன்று மாதமாகியும் இலக்கில் பாதியைக்கூட எட்டவில்லை. பத்துப் படலையைத் தட்டினால் இரண்டு வீட்டில்தான் உட்காரச் சொல்வார்கள். பதினோராவது படலைக்கு அந்தக் கார் என்னை அனுப்பவில்லை. எனக்குக் கார் ஆசை இருந்ததே இல்லை.

விலகல் கடிதம் எழுதிய இரவு, உம்மா வயலைப் பற்றிப் பேசினார். என் படிப்புக்காக வாப்பா ஈடு வைத்த இரண்டு ஏக்கர். அதில் வேறொருவர் விதைக்க, நாங்கள் கடையில் அரிசி வாங்கிக்கொண்டிருந்தோம். கடிதத்தைக் கிழித்தேன். கார்ப் படத்தையும் கிழித்தேன். ஈட்டுத் தொகையை என் கொமிஷனால் பிரித்துக் கொப்பியில் எழுதினேன்: 108 மெசின். மாதம் 3 வீதம் 3 வருடம். மலையாகத் தெரிந்தது படிக்கட்டாகிவிட்டது.

ஆனால், சொந்தக் கனவும் கண்ணை மறைக்கும். ஒரு மாதம் கணக்குக் குறைந்தபோது, கணவருக்கு வேலையில்லாத ஒரு தங்கச்சியிடம் பேசிப் பேசியே கையெழுத்து வாங்கினேன். ஐந்தாம் தவணையோடு நின்றது; மெசினைத் திருப்பி எடுத்துப் போனார்கள். "நீங்க சொன்னதாலதானே ராத்தா எடுத்தன்" என்றாள். அன்றிலிருந்து, யாருக்குத் தைப்பீர்கள், மாதம் எவ்வளவு வரும் என்று முதலில் கேட்பேன். சரிவராவிட்டால், "இப்ப வேணாம்" என்று நானே சொல்வேன். விற்பனை குறைந்தது. ஆனால் வாங்காதவர்களே மற்றவர்களை என்னிடம் அனுப்பினார்கள்.

வயலை மீட்க மூன்றல்ல, நான்கு வருடம் பிடித்தது. மீட்ட அடுத்த மாதமே எனக்கு வேலையில் மனம் செல்லவில்லை. கனவு முடிந்துவிட்டதல்லவா? அப்போது கொப்பியில் இரண்டாவது வரி எழுதினேன்: நான் விற்ற மெசின்களில் எத்தனை இன்றும் ஓடுகின்றன? அந்தக் கணக்குக்கு முடிவில்லை.

1989இல் கொழும்பில் தன் காரின் டிக்கியில் வைத்து ஆடை விற்கத் தொடங்கியவர் ஒட்டாரா குணவர்தன. அதுவே ஓடெல் என்ற பெரிய நிறுவனமாகியது. அவர் மனதிலிருந்தது விலங்குகள் மீதான அன்பு. 2007இல் அதற்காகவே எம்பார்க்கை ஆரம்பித்தார். அவர் கனவு எனக்குப் பொருந்தாது, என் வயல் அவருக்குப் பொருந்தாது.

தங்கச்சிமாரே, கம்பனி தருவது இலக்கு. கனவு உங்கள் வீட்டுக்குள்தான் இருக்கும். இன்றிரவு தேடிப் பார்த்து, ஒரு வரி எழுதி, பக்கத்தில் ஓர் எண்ணையும் போடுங்கள்.