மூணுக்கு நாலு, ஒரே கம்பி

(ஒலிப்பதிவிலிருந்து எழுத்தாக்கப்பட்டது. சில இடங்கள் சுருக்கப்பட்டுள்ளன.)

பின்னாடி தடதடன்னு ஒரு சத்தம் வந்தா ஹெட்ஃபோன கழட்டிடாதீங்க, அது செங்கல்பட்டு லோக்கல். எங்க வீடு சிங்கப்பெருமாள் கோயில்ல தண்டவாளத்துக்கு ரொம்பப் பக்கம். எத்தனை தடவைதான் ரெக்கார்டிங்க நிறுத்தி நிறுத்திப் பேசுறது? இந்த வாரம் ரயிலோட சேர்த்தே கேளுங்க.

உங்கள்ல நிறைய பேர் கிட்டத்தட்ட ஒரே கேள்வியத்தான் அனுப்பியிருந்தீங்க. "கல்யாணம் ஆகி ரெண்டு மூணு வருஷம் ஆச்சு. பெரிய சண்டை எதுவும் இல்ல. ஆனா வீட்டுல பேச விஷயமே இல்ல. என்ன பண்றது?" இதுக்கு எனக்குப் பதில் தெரியாது. எங்க வீட்டுல நடந்தது ஒண்ணு தெரியும், அதைச் சொல்றேன்.

ஒரு ஐப்பசி மாசம் என் ஹஸ்பண்டுக்கு வேலை போச்சு. எந்தக் கம்பெனி, ஏன்னெல்லாம் வேண்டாம். ஒரு மெயில் வந்தது, ஐடி கார்டைத் திருப்பிக் கொடுத்துட்டு வந்தான், அவ்வளவுதான். எனக்கு வீட்டுலேர்ந்தே வேலை. அதனால வாடகைக்குப் பிரச்சினை இல்ல. பிரச்சினை வேற. ஒரே வீட்டுக்குள்ள நாள் முழுக்க ரெண்டு பேரும் இருக்கோம், பேச்சு மட்டும் இல்ல. "கேஸ் புக் பண்ணியா?" "தயிர் இருக்கா?" இவ்வளவுதான். நான் கால்ல இருந்தா அவன் பூனை மாதிரி நடப்பான். அவன் அப்படி நடக்கிறதப் பார்த்தாலே எனக்கு எரிச்சலா வரும். எரிச்சல் வருதேன்னு அப்புறம் குற்ற உணர்ச்சி.

மார்கழி பொறந்தது. எங்க தெருவுல மார்கழின்னா போட்டிதான், வாசலை அடைச்சுக் கோலம் போட்டாகணும். நான் அதுல அவ்வளவு கெட்டி இல்ல. யூடியூப்ல ஒரு நெளிக்கோலம் பார்த்துட்டுப் போய்ப் போட்டுட்டிருந்தேன். புள்ளி வெச்சாச்சு, கம்பி இழுத்தாச்சு, கடைசியில கம்பி வந்து சேரவே மாட்டேங்குது. பின்னாடி காபி டம்ளரோட நின்னுட்டிருந்தவன் சொன்னான்: "ரெண்டாவது வரிசையில திரும்பாம நேராப் போயிட்ட."

அவன் பார்த்த வேலையே அதுதான், குவாலிட்டி செக்‌ஷன். தப்புக் கண்டுபிடிக்கத்தான் சம்பளம். எனக்குச் சுர்ருன்னு ஏறிச்சு. கோலமாவு டப்பாவை நீட்டி, "நீ போடு பாப்போம்"னேன்.

போட்டான். சகிக்கல. கோலமாவைக் கட்டைவிரலுக்கும் ஆள்காட்டி விரலுக்கும் நடுவுல விட்டு மெல்லிசா இறக்கணும். இவன் உப்புமாவுக்கு உப்பு போடுற மாதிரி போட்டான். கம்பி ஒரு இடத்துல கயிறு, ஒரு இடத்துல நூல். ஆனா சரியாச் சேர்ந்தது. அந்த நேரம் பார்த்து எதிர்வீட்டு ஆயா வெளிய வந்து, "இன்னாப்பா, பொண்டாட்டிக்கு ஒடம்பு சரியில்லியா?"ன்னு கேட்டாங்க. டம்ளரை எடுத்துக்கிட்டு உள்ள போயிட்டான். அவ்வளவுதான், முடிஞ்சதுன்னு நினைச்சேன்.

மறுநாள் நாலே முக்காலுக்கு வாசல்ல தண்ணி தெளிக்கிற சத்தம். ஆயா எழுந்துக்கிறதுக்கு முன்னாடியே போட்டுடலாம்னு ஐயாவோட திட்டம்.

பத்து நாள்ல அவன் ஒரு நோட்டுப் போட்டுட்டான். நேர்ப்புள்ளி மூணுக்கு மூணு வெச்சா கம்பி மூணு தனித்தனியா வருது. மூணுக்கு நாலு வெச்சா கையே எடுக்காம ஒரே கம்பி. ரெண்டுக்கு ரெண்டுன்னா ரெண்டு. நாலுக்கு ஆறும் ரெண்டு. என்ன கணக்கு இது? ரெண்டு பேரும் சாப்பாட்டுத் தட்டை வெச்சுக்கிட்டு மண்டைய உடைச்சுக்கிட்டோம். அன்னிக்கு ராத்திரி அவன்தான் கண்டுபிடிச்சான்: ஆறாங்கிளாஸ்ல படிச்ச எச்.சி.எஃப், மீ.பொ.வ.! நாலுக்கும் ஆறுக்கும் ரெண்டு, மூணுக்கும் நாலுக்கும் ஒண்ணு. நீங்களும் பேப்பர்ல போட்டுப் பாருங்க. ஒண்ணே ஒண்ணு, நடுவுல கம்பியை வளைச்சு ஏமாத்தக்கூடாது. பக்கத்துப் பக்கத்துப் புள்ளிக்கு நடுவுல எல்லா இடத்துலயும் கம்பி குறுக்க வெட்டிப் போகணும், ஓரத்துல மட்டும்தான் திரும்பணும்.

இதை நம்மதான் உலகத்துக்கே முதல்ல கண்டுபிடிச்சோம்ங்கிற நினைப்புல நெட்ல தேடினோம். ஆளுங்க எப்பவோ வந்து, கண்டுபிடிச்சு, எழுதிட்டுப் போயாச்சு. ஆனா அந்தத் தேடல்லதான் எங்களுக்கு ஒரு ஜோடி கிடைச்சாங்க. கிஃப்ட் சிரோமணி, ராணி சிரோமணி. எங்க லைன்லயே, தாம்பரம் கிறித்தவக் கல்லூரியில வேலை பார்த்தவங்க. அவர் புள்ளியியல், அவங்க கணிதம். இந்தியாவுல கோட்பாட்டுக் கணினி அறிவியலை ஆரம்பிச்சு வெச்ச சிலர்ல ராணி ஒருத்தர். 1974ல ரெண்டு பேரும், ராணியோட மாணவி கமலா கிருத்திவாசனும் சேர்ந்து கோலத்தைப் பத்தி ஒரு ஆராய்ச்சிக் கட்டுரை வெளியிட்டாங்க. மொழிக்கு இலக்கணம் இருக்கிற மாதிரி படத்துக்கும் இலக்கணம் எழுத முடியுமாங்கிறதுதான் கேள்வி. ஒரு சின்ன வடிவம், அதை வளர்க்க நாலஞ்சு விதி. விதியைத் திரும்பத் திரும்பப் போட்டா சின்னக் கோலம் பெரிய கோலமா வளரும். நம்ம அம்மாங்க "அஞ்சு புள்ளிக் கோலத்தையே ஒன்பது புள்ளியா இழுத்துக்கோ"ன்னு சொல்வாங்கல்ல, அதேதான். வாசல்ல போட்டு வெயில் ஏறினா கால்ல மிதிபடுற ஒண்ணு, கணினி அறிவியலுக்குள்ள போய் உக்காந்துக்கிச்சு.

எனக்கு அதைவிடப் பிடிச்சது கிஃப்ட் சிரோமணியோட இன்னொரு வேலை. மாமல்லபுரம் சிற்பங்கள்ல யார் என்ன உடுத்தியிருக்காங்க, காதுல என்ன, இடுப்புல என்னன்னு பார்த்து 1970ல ஒரு கட்டுரை எழுதியிருக்காரு. அப்புறம் தத்துவம் சொல்லிக்கொடுத்த மைக்கேல் லாக்வுட், தாவரவியல் தயானந்தன்னு ரெண்டு பேரோட சேர்ந்து 1974ல மாமல்லபுரம் பத்தி ஒரு புத்தகம். மூணு துறை வாத்தியாருங்க சேர்ந்து சிற்பம் பார்க்கப் போயிருக்காங்க. இப்படி ஒரு ஸ்டாஃப் ரூம் எனக்கு வாய்க்கலயேன்னு பொறாமையா இருந்தது. அவர் 1988ல இறந்துட்டாரு. ராணி அம்மா 2019 வரைக்கும் இருந்தாங்க. அவர் எழுதினதுல நிறைய இணையத்துல இலவசமாவே கிடைக்குது, தேடிப் படிங்க.

"நம்மளும் போய் நகை பார்ப்போமா?"ன்னு கேட்டேன். முந்நூறு ரூபா, ரெண்டு பேர், போயிட்டு வந்துடணும். இதுதான் விதி. லோக்கல்ல ரெண்டாவது ஸ்டேஷன் செங்கல்பட்டு. அதுக்கு முன்னாடி கொளவாய் ஏரி வரும், ஜன்னல் சீட்டுக்கு எங்களுக்குள்ள ஒரு தள்ளுமுள்ளு. அங்கேர்ந்து திருக்கழுக்குன்றம் வழியா பஸ். டிக்கெட் வாங்கிப் போற இடமெல்லாம் எங்க விதிக்கு ஒத்துவராது. அர்ச்சுனன் தபசை ரோட்டுல நின்னே பார்க்கலாம்.

ஸ்கூல் டூர்ல வந்து போட்டோ எடுத்துட்டுப் போன இடம்தான். நகை பார்க்கணும்னு வந்தா அது வேற இடமா ஆயிடுது. ஒவ்வொரு காதா பாக்குறீங்க. ஆம்பளைக்கும் தோடு, பொம்பளைக்கும் தோடு. பெரிய பெரிய வளையம். மூக்குத்தி ஒண்ணாவது கிடைக்கும்னு அரை மணி நேரம் தேடினேன், என் கண்ணுல படல. அவன் குவாலிட்டி செக்‌ஷன் கண்ணோட பூனைகிட்ட போயிட்டான். தெரியும்ல, கையத் தூக்கிட்டுத் தபசு பண்ணுதே, கால்கிட்ட எலியெல்லாம் நிக்குதே, அந்தப் பூனை. பக்கத்துல கிருஷ்ண மண்டபத்துல ஒருத்தர் பால் கறக்குறாரு, பசு கன்னை நக்குது. அதையும் போய்ப் பார்த்துட்டுத் திரும்ப வந்து நின்னான். ரொம்ப நேரம் பேசவே இல்ல. அப்புறம், கல்லைப் பார்த்துக்கிட்டே சொன்னான்:

"இங்க எல்லாருக்கும் ஏதோ ஒரு வேலை இருக்குல்ல? இந்தப் பூனைக்குக்கூட."

மூணு மாசத்துல முதல் தடவையா அதைப் பத்தி வாயத் திறந்தான். எனக்கு என்ன சொல்றதுன்னு தெரியல. "எல்லாம் சரியாயிடும்"னு சொல்ற ஆள் நான் இல்ல, சொன்னாலும் அவன் நம்பமாட்டான். சுண்டல் வாங்கினேன். புல்தரையில உக்காந்தோம். அவன் பேசினான். காலையில நான் லேப்டாப் திறக்கிற சத்தம் கேட்டா வயித்தைக் கலக்கும்னான். பூனை மாதிரி நடந்தது எனக்குத் தொந்தரவு ஆகக்கூடாதுன்னு இல்லயாம், தான் வீட்டுல இருக்கிறதே யாருக்கும் தெரியக்கூடாதுன்னாம். நான் அந்த நடைமேல கோபப்பட்டதைச் சொன்னேன். அப்புறம் கொஞ்ச நேரம் அழுதோம். பக்கத்துல ஒரு காலேஜ் கேங் செல்ஃபி எடுத்துட்டிருந்துச்சு, அந்த போட்டோவுல ஓரமா நாங்க அழுதுட்டு இருப்போம்.

கணக்குப் பார்த்தா விதி மீறிட்டோம், சுண்டல்ல.

திரும்பி வந்து மறுநாள் எங்க ஊர் நரசிம்மரைப் பார்க்கப் போனோம். குன்றைக் குடைஞ்சு எடுத்த கோயில். பெருமாளைச் சுத்தணும்னா குன்றையே சுத்தணும். ஆரத்தி காட்டும்போது நெத்தியில இருக்கிற திருமண்ணை லேசாத் தூக்கி மூணாவது கண்ணைக் காட்டுவாங்க. அந்த ஒரு நொடிக்காக எட்டிப் பார்க்கிறது எனக்கு இன்னும் அலுக்கல. ரெண்டு வருஷமா அஞ்சு நிமிஷ தூரத்துல இருந்துக்கிட்டு நாங்க ஒருதடவைகூட குன்றைச் சுத்தினதில்லைங்கிறது அன்னிக்குத்தான் உறைச்சது.

பங்குனியில வேற வேலை கிடைச்சது. சம்பளம் முன்னவிடக் கம்மி, அதுவும் நைட் ஷிஃப்ட் மாறி மாறி வரும். சில வாரம் ஒருத்தர் முகத்தை ஒருத்தர் பார்க்கிறதே கஷ்டம். அந்த வாரத்துல நான் வாசல் தெளிச்சு, புள்ளி மட்டும் வெச்சுட்டு உள்ள வந்துடுவேன். எத்தனைக்கு எத்தனைன்னு சொல்லமாட்டேன். ஆறரைக்கு அவன் வந்து கம்பி இழுப்பான். சில நாள் கஷ்டமா இருக்கணும்னே ஏழுக்குப் பதினொண்ணு வெப்பேன், பதினேழாவது திருப்பத்துல தூங்கி வழிவான்.

பொங்கலுக்கு வந்த மாமியார் இதைப் பார்த்தாங்க. அவங்க முன்னாடி நான் "ஏங்க"ன்னுதான் கூப்பிடுவேன், "வாங்க போங்க"தான். அவங்க ஒண்ணும் சொல்லல. ஊருக்குக் கிளம்பும்போது மட்டும், "அவனுக்குக் குனிஞ்சு குனிஞ்சு முதுகு வலிக்கும், காவி இட ஒரு குச்சி கட்டிக் குடு"ன்னாங்க.

எதிர்வீட்டு ஆயாவுக்கு இப்போ முட்டி வலி, குனிய முடியல. போன வாரம் நைட் ஷிஃப்ட் முடிஞ்சு வந்தவனைக் கேட்லயே நிறுத்திட்டாங்க. "தம்பி, உங்க வூட்டாண்ட போட்டதும் அப்டியே நம்ம வாசலுக்கும் ஒண்ணு இழுத்துடு. சின்னதா போதும்."

எத்தனை புள்ளின்னு கேட்டிருக்கான். "எவ்ளோ வேணா வெச்சுக்க, ஒரே கம்பியா வரணும்"னு சொல்லியிருக்காங்க.