செல்ஃப் எடுக்காத வண்டி



ஞாயிறு காலை. திருப்பலிக்கு முதல் மணி அடித்தாயிற்று. பிள்ளைகள் பின் இருக்கையில் ஏறிவிட்டார்கள். சாவியைத் திருகினால் 'டக் டக்' என்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது. வண்டி செல்ஃப் எடுக்கவில்லை. அந்த நேரத்தில் தெருவில் கூடுகிற ஆலோசனைச் சங்கத்தை நாம் எல்லாரும் அறிவோம். ஒருவர், "ரெண்டாவது கியர்ல போட்டுத் தள்ளிப் பார்ப்போம்" என்பார். இன்னொருவர், "பேட்டரி போச்சு, புதுசு போட்டுடுங்க" என்பார். மூன்றாமவர் எதிர்வீட்டு வண்டியைக் கொண்டுவந்து ஜம்பர் கேபிள் மாட்டுவார். எஞ்சின் உறுமும். நன்றி சொல்லிவிட்டுக் கோவிலுக்குப் போய்ச் சேர்வோம். முதல் வாசகம் முடிந்திருக்கும், பரவாயில்லை.

வண்டி ஏன் நின்றது என்று மட்டும் யாரும் கேட்பதில்லை. செவ்வாய்க்கிழமை காலையில் மறுபடியும் அதே 'டக் டக்'.

அனுபவமுள்ள மெக்கானிக் ஒருவர் வேலை செய்வதைக் கொஞ்ச நேரம் நின்று கவனித்துப் பாருங்கள். அவர் ஸ்பேனரை எடுக்குமுன் கேள்வி கேட்கிறார். சாவி திருகும்போது என்ன சத்தம் வந்தது? முன்விளக்கு மங்கியதா? கடைசியாக எப்போது ஓட்டினீர்கள்? புதிதாக ஏதாவது மாட்டினீர்களா? எஞ்சின் சுற்றவே இல்லை என்றால் பேட்டரி, டெர்மினல், எர்த் வயர், செல்ஃப் மோட்டார் என்று ஒரு வழியில் தேடுவார். எஞ்சின் நன்றாகச் சுற்றுகிறது, ஆனால் பிடிக்கவில்லை என்றால் பெட்ரோல் வருகிறதா, பிளக்கில் பொறி வருகிறதா என்று வேறு வழியில் தேடுவார். இரண்டாவது வகைக் கோளாறுக்குப் புது பேட்டரி போட்டுப் பயனில்லை. செலவுதான் மிச்சம்.

பிறகு மீட்டரை எடுப்பார். ஓய்வில் இருக்கும் நல்ல பேட்டரி ஏறக்குறைய 12.6 வோல்ட் காட்ட வேண்டும். 12-க்குக் கீழே என்றால் அநேகமாகக் காலி. எஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏற வேண்டும். ஏறாமல் 12-லேயே நின்றால் சார்ஜ் ஏற்றும் ஆல்டர்னேட்டரில்தான் குறை. அப்போது புதிய பேட்டரியும் சில நாளில் படுத்துவிடும். சில நேரம் டெர்மினலில் வெள்ளையாகப் பூத்திருப்பதைச் சுரண்டி இறுக்கினாலே வேலை முடிந்துவிடும். நமக்கு ஐயாயிரம் ரூபாய் மிச்சம், அவருக்கு ஒரு டீ.

எல்லாம் சரியாக இருந்தும் இரண்டு நாளில் பேட்டரி இறங்குகிறது என்றால், எங்கோ மறைவாக ஒரு கசிவு இருக்கிறது. டிக்கியில் அணையாமல் எரியும் ஒரு 5 வாட் பல்பு போதும். கதவு மூடியிருப்பதால் கண்ணுக்குத் தெரியாது. ஒரு நாளைக்குப் பத்து ஆம்பியர் மணி அளவுக்கு உறிஞ்சும். சிறிய கார்களில் இருக்கும் 35 ஆம்பியர் மணி பேட்டரியை மூன்றரை நாளில் முடித்துவிடும். அதைக் கண்டுபிடிக்க மெக்கானிக் வண்டியை அணைத்து, கதவுகளைச் சாத்தி, நெகட்டிவ் இணைப்பின் நடுவே மீட்டரைக் கோர்த்து, அரை மணி நேரம் சும்மா காத்திருப்பார். பிறகு ஒவ்வொரு ஃபியூஸாகப் பிடுங்குவார். எதைப் பிடுங்கும்போது மீட்டரின் எண் சட்டென்று விழுகிறதோ, அந்த வழியில்தான் கசிவு. பொறுமையான வேலை. பார்ப்பவருக்கு, இவர் ஒன்றும் செய்யாமல் உட்கார்ந்திருப்பதுபோல் தோன்றும்.

ஜம்பர் கேபிளை நாம் குறை சொல்லவில்லை. நள்ளிரவில் பிரசவ வலியோடு ஒரு பெண்ணை ஏற்றியிருக்கும்போது யாரும் மீட்டர் வைத்துப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது. தள்ளுங்கள், கேபிள் மாட்டுங்கள், போய்ச் சேருங்கள். மறுநாள் காலையில் என்ன செய்கிறோம் என்பதுதான் நமது கேள்வி.

பெத்சதா குளத்தருகே 38 ஆண்டுகளாகப் படுத்திருந்தவரை யோவான் நற்செய்தி ஐந்தாம் அதிகாரத்தில் சந்திக்கிறோம். இயேசு அவரை உடனே எழுப்பிவிடவில்லை. நலம் பெற விருப்பம் உண்டா என்று முதலில் கேட்கிறார். கேட்கத் தேவையில்லாத கேள்வி என்று நமக்குத் தோன்றலாம். அந்த மனிதர் 'ஆம்' என்று சொல்லவில்லை என்பதைக் கவனியுங்கள். தம்மைக் குளத்தில் இறக்கிவிட ஆள் இல்லை என்கிறார். உடல் முடங்கியது ஒன்று. அதற்குமேல் ஆளில்லாத தனிமை ஒன்று. அந்தக் கேள்வி இல்லையென்றால் இரண்டாவது வெளியே வந்திருக்காது.

எரேமியா இறைவாக்கினர், மக்களின் காயத்தை மேலோட்டமாகக் கட்டிவிட்டு எல்லாம் நலம் என்று சொன்னவர்களைக் கடிந்துகொள்கிறார். அந்தப் பட்டியலில் குருக்களும் இருப்பதால், ஆறாம் அதிகாரத்தை வாசிக்கும்போதெல்லாம் எங்களுக்குக் கொஞ்சம் உறுத்தும். 1215-இல் கூடிய நான்காம் இலாத்தரன் பொதுச்சங்கமும், ஒப்புரவு கேட்கும் குரு தேர்ந்த மருத்துவரைப்போல் பாவத்தின் சூழ்நிலைகளை அக்கறையோடு விசாரித்து, அதற்கேற்ற மருந்து தர வேண்டும் என்று வகுத்தது. 'கோபப்பட்டேன் சாமி' என்பது 'டக் டக்' சத்தம் மாதிரி. அது உண்மைதான். ஆனால் யார்மேல் கோபம், எந்த நேரத்தில், எதை நினைத்து?

புனித லொயோலா இஞ்ஞாசியார் இதற்கு ஒரு வழி சொன்னார். 1548-இல் திருத்தந்தை மூன்றாம் பவுலின் ஒப்புதல் பெற்ற அவரது ஆன்மீகப் பயிற்சிகளில், ஒரே ஒரு குறையை மட்டும் எடுத்துக்கொண்டு, நண்பகலில் ஒருமுறை, இரவில் ஒருமுறை, விழுந்த தடவைகளைக் கோட்டின்மேல் புள்ளி வைத்துக் குறிக்கச் சொல்கிறார். காலைக் கோட்டை மாலைக் கோட்டோடும், நேற்றை இன்றோடும், வாரத்தை வாரத்தோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். போர்வீரராய் இருந்தவருக்கு இந்தக் கணக்குப்பிள்ளை வேலை எப்படிப் பிடித்தது என்று நமக்கு வியப்புதான். ஆனால் மீட்டரைப் பார்க்காமல் ஃபியூஸைப் பிடுங்கி என்ன பயன்?

பங்கு அலுவலகத்துக்கு வரும் தம்பதியரிடம் நாம் அடிக்கடி காண்பது இது. யாரையும் குறிப்பிட்டுச் சொல்வதாக எண்ண வேண்டாம், பல வீட்டுக் கதை. உறவினர்கள் சூழ்ந்து நின்று, "பெரியவங்க சொல்றோம், ரெண்டு பேரும் கையைக் கொடுத்துக்குங்க" என்பார்கள். கொடுப்பார்கள். மூன்று மாதம் கழித்துத் திரும்ப வருவார்கள். முதல் தடவை மாமியார் பிரச்சினை, அடுத்து செல்போன், அதற்கடுத்து குழம்பில் உப்பு. சண்டை வந்த தேதிகளை ஒரு தாளில் எழுதச் சொன்னால், எல்லாம் மாதத்தின் முதல் வாரத்திலேயே விழும். மெல்ல விசாரித்தால், என்றோ மைத்துனருக்காகப் போட்ட ஜாமீன் கையெழுத்து வெளியே வரும். சம்பளம் வந்ததும் தவணை பிடித்தம் ஆகிவிடுகிறது. மனைவிக்குப் பணம் குறைவது தெரிகிறது, காரணம் தெரியவில்லை. குடிக்கிறார் என்று சந்தேகம். அவருக்கோ சொல்ல முடியாத எரிச்சல்.

உண்மை தெரிந்த அன்று வீட்டில் சமாதானம் வந்துவிடாது. பெரும்பாலும் அன்றுதான் பெரிய சண்டை நடக்கும். உறவினர்கள், "இதைக் கிளறாமலே இருந்திருக்கலாம்" என்று நம்மைக் குறை சொல்வார்கள். ஒரு வாரம் பேச்சுவார்த்தை இருக்காது. பிறகு ஒரு மாலை அந்த அம்மா, உப்பைப் பற்றியும் செல்போனைப் பற்றியும் பேசாமல், "இன்னும் எத்தனை தவணை கட்டணும்?" என்று கேட்பார். அவர் விரல்விட்டு எண்ணிப் பார்த்து, "17" என்பார்.