பல் அடைப்பு ஏன் விலகுகிறது?

(கூட்டமைப்பின் மாதாந்திரக் கூட்டத்தில் பேசியது)



போன கூட்டத்தில் ஓர் அக்கா கேட்டதிலிருந்து தொடங்குகிறோம். குழுவில் உள்கடன் வாங்கிக் கடைவாய்ப் பல்லை அடைத்தார். இரண்டு வருஷத்தில் அடைப்பின் ஓரத்தில் மறுபடி சொத்தை. "காசும் போச்சு, பேசாம பிடுங்கியே இருக்கலாம்" என்றார். சமூகப்பணி படித்த எங்களுக்கு அன்றைக்குப் பதில் தெரியவில்லை. ஒரு பல் மருத்துவரிடம் கேட்டுத் தெரிந்துகொண்டு வந்திருக்கிறோம்.

பல் நிறத்திலேயே அடைக்கிறார்களே, அது ஒருவகைப் பிசின். 1962இல் அமெரிக்காவில் ரஃபேல் போவன் என்பவர் காப்புரிமை பெற்ற பிசினிலிருந்து வந்தது. குழைவாக உள்ளே வைத்து நீல விளக்கைக் காட்டினால் சில நொடிகளில் இறுகிவிடும். இறுகும்போதே சுருங்கவும் செய்யும். அங்கேதான் வம்பு.

ஏன் சுருங்குது? இந்தக் கூடத்தில் நாம் தள்ளித் தள்ளி உட்கார்ந்திருக்கிறோம். எல்லோரும் கை கோத்தால் நெருங்கித்தானே ஆகணும்? பிசினில் உள்ள மூலக்கூறுகளும் அப்படித்தான். 100 பங்கு இடத்தை அடைத்தது 97, 98 ஆகிவிடுகிறது. பல்லுக்கும் அடைப்புக்கும் நடுவே கண்ணுக்குத் தெரியாத இடைவெளி விழலாம். அதில் கிருமி புகுந்தால் கூச்சம், பிறகு சொத்தை. (இனிப்பும், சரியாகத் துலக்காததும் காரணம்தான், அதை மறைக்க வேண்டாம்!)

வெறும் களிமண்ணால் சுவர் பூசினால் வெடிக்கும், மணல் சேர்த்தால் வெடிப்பு குறையும். இதை நமக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை. அவர்களும் அதைத்தான் செய்தார்கள். மணலுக்குப் பதில் கண்ணாடித் தூள், எடையில் முக்கால் பங்கு அளவுக்கு. பிசினையே மாற்றவும் பார்த்தார்கள். 2007இல் சைலோரேன் என்ற பொருள் விற்பனைக்கு வந்தது. கையைக் கட்டிக்கொண்டு இருப்பவர்கள் அதை அவிழ்த்து, நீட்டிக் கோத்தால் அவ்வளவு நெருங்க வேண்டாம் பாருங்கள். அதன் மூலக்கூறுகளும் வளையமாக இருந்து, விரிந்து இணையும். சுருக்கம் 100க்கு 1க்கும் கீழே. ஆனால் அதற்கென்று தனிப் பசை வேண்டும், பரவலாக நிலைக்கவில்லை. ஆராய்ச்சி தொடர்ந்து நடக்கிறது.

பொதுவாக மருத்துவர்கள் 2 மில்லிமீட்டர் கனத்தில் அடுக்கடுக்காக வைத்து, ஒவ்வொன்றுக்கும் விளக்குக் காட்டுவார்கள். ஒரே தடவையில் 4 மில்லிமீட்டர் வைக்கும் பொருளும் இப்போது உண்டு. எப்படியும் நேரம் பிடிக்கும். "சீக்கிரம் முடிங்க, பஸ் போயிடும்" என்று அவசரப்படுத்தாதீங்க. குழி சின்னதாக இருக்கும்போதே போனால் வைக்கும் பிசினும் கொஞ்சம், சுருக்கமும் கொஞ்சம். அடைத்த பல்லில் சோறு சிக்கினாலோ கூசினாலோ, வலி வரும்வரை காத்திருக்காமல் காட்டுங்கள்.

அந்த அக்கா போன வாரம் எங்களோடு வந்தார். பல்லைப் பிடுங்கவில்லை, பழைய அடைப்பை எடுத்துவிட்டுப் புதிதாக வைத்தார்கள். "விளக்கு நாலு தடவை காட்டினாங்க, எண்ணிக்கிட்டே இருந்தேன்" என்கிறார்.