பார்வை நரம்பும் மறைக்கப்படும் நோயும்
(சங்க ஆண்டு விழாவில் ஆற்றிய உரை)



இசையும் நாடகமும் நிறைந்த இவ்விழாவில் எச்.ஐ.வி. நோயைப் பற்றிப் பேசத்தான் வேண்டுமா என்று சிலர் முகம் சுளிக்கலாம். அந்தச் சுளிப்புக்கு அஞ்சியே நோயுற்றோர் சிலர் கண் மருத்துவரிடமும் உண்மையை மறைக்கின்றனர். ஆகவே பேசுகிறோம்.

இந்தியாவில் இக்கிருமி முதன்முதலாகக் கண்டறியப்பட்டது 1986-இல், சென்னையிலேதான். சென்னை மருத்துவக் கல்லூரிப் பேராசிரியர் சுனிதி சாலமனும் அவருடைய மாணவி நிர்மலாவும் அதனைக் கண்டனர். 1995-இல் அந்நகரத்துச் சங்கர நேத்ராலயா மருத்துவர்கள், எய்ட்ஸ் நோயாளர் இருவருக்கு நேர்ந்த கண் பாதிப்பை மருத்துவ இதழில் எழுதினர்.

கண் கண்டதை மூளைக்குக் கொண்டு செல்வது பார்வை நரம்பு. ஏறத்தாழ 12 இலட்சம் நுண்ணிழைகள் திரண்டும் அது ஒரு பென்சிலின் பருமன்கூட இல்லை. வெட்டிய நகம் வளரும். பட்டுப்போன இவ்விழை வளராது. உடலின் காவலரான சி.டி.4 அணுக்கள் ஒரு கன மில்லிமீட்டர் குருதியில் 100-க்கும் கீழே குறையும்போது, கிரிப்டோகாக்கஸ் என்னும் பூஞ்சை மூளையுறையைப் பற்றக்கூடும்; தலைக்குள் அழுத்தம் ஏறி நரம்பு வீங்கும். 50-க்கும் கீழே போனால் மற்றொரு வைரசு விழித்திரையை அழித்து நரம்பின் முனைவரை பரவலாம். மேகநோயும் காசநோயும்கூட இந்நரம்பைத் தாக்க வல்லவை.

இவற்றினும் வியப்பானது, காக்க வந்த மருந்தே சிலருக்குக் கேடாவது. எச்.ஐ.வி. உடையோரைக் காசநோய் எளிதில் பற்றும். அதற்குத் தரும் மாத்திரைகளுள் எத்தாம்புடால் ஒன்று. அது மிகச் சிலருக்குப் பார்வை நரம்பைத் தாக்கும்; சிறுநீரகம் தளர்ந்தவருக்கு அபாயம் மிகுதி. வலி இராது. சாலைக் கடைத்தெருவில் புடவை எடுக்கும்போது சிவப்பும் பச்சையும் வேறுபாடின்றி மங்கித் தெரியும், எழுத்து கலங்கும். அன்றே மருத்துவரிடம் சொன்னால், அவர் அம்மருந்தை நிறுத்துவார். பலருக்குப் பார்வை மெல்லத் திரும்பும். தாமே நிறுத்துவது தகாது, காசநோய் தலைதூக்கும். ‘வயதாகிவிட்டது, கண்ணாடி மாற்றினால் போதும்’ என்று கடைக்குச் செல்வோர் நாளை இழக்கின்றனர். மாத்திரையின் பெயரே அறியாத கண் மருத்துவர்தாம் என் செய்வார்?

ஆனால் சொல்வதற்கு நாம் இடம் வைத்தோமா? நம் தெருக்களில் வீட்டுக்கு வீடு சுவர் ஒன்றே. ஒரு வீட்டு மருந்துச் சீட்டு மறுவீட்டுக்குத் தெரிய நெடுநேரம் ஆவதில்லை. தெரிந்தபின் தண்ணீர்க் குவளை தனியாகிறது. குவளையால் இந்நோய் பரவாது. நோயாளரின் இசைவின்றி நோயை வெளியிடுவதை 2017-ஆம் ஆண்டுச் சட்டம் தடுக்கிறது. அண்டைவீட்டுத் திண்ணைப் பேச்சை எச்சட்டம் தடுக்கும்?

கிருமியை அடக்கும் கூட்டு மருந்தை நடுவண் அரசு 2004 முதல் இலவசமாக வழங்கி வருகிறது. அதைத் தவறாது உண்போரின் சி.டி.4 அணுக்கள் பெருகும். மேற்சொன்ன பூஞ்சையும் வைரசும் அணுகுவது அரிதாகும். கேரளத்தில் இரத்தச் சோதனை நிலையத்துக்கு ‘ஜோதிஸ்’ என்றும், மருந்து வழங்கும் நிலையத்துக்கு ‘உஷஸ்’ என்றும் பெயர். நம் மருத்துவக் கல்லூரி மருத்துவமனையிலும் உஷஸ் உண்டு. நோயின் பெயரை வாய்விட்டுச் சொல்லக் கூசுவோர், ‘உஷஸ் எங்கே?’ என்று மட்டும் கேட்டால் போதும், வழி காட்டுவார்கள்.