தொட்டால்தான் துலங்கும்

(தலைப்பு: வீட்டில் ஒரு பொருள் பழுதானால் குடும்பத்துக்கு நல்லது எது? நாமே திருத்துவதா? தெரிந்தவரிடம் கொடுப்பதா? 'நாமே திருத்துவதே' என்ற அணியில் பேசியது.)

    

நடுவர் அவர்களே, எதிரணியில் பேசிய அம்மா ஒரு கதை சொன்னாங்க. அவங்க வீட்டுக்காரர் மிக்ஸியைத் திருத்துறேன்னு பிரிச்சாராம். திருப்பி மாட்டினா நாலு ஸ்க்ரூ மிச்சமாம். "மிக்ஸி ஓடலைன்னா என்ன, நாலு ஸ்க்ரூ லாபம்தானே"ன்னாராம். (சிரிப்பு) நீங்க எல்லாரும் சிரிச்சீங்க. நானும் சிரிச்சேன். ஏன்னா நானும் அந்த ரகம்தான்! (பலத்த சிரிப்பு) அதனால் நான் ஜெயித்த கதையை மட்டும் சொல்லிவிட்டுப் போகப் போவதில்லை. தோற்ற கதையையும் சேர்த்தே சொல்கிறேன். தீர்ப்பை நீங்கள் சொல்லுங்கள்.

நான் இந்த மதுரைக்காரன்தான். நடுவிலே சில வருஷம் பிழைப்புக்காகக் கனடாவில், டொரொண்டோ நகரத்தில் குடும்பத்தோடு இருந்தேன். 2009 ஜனவரி. வெளியே குளிர் மைனஸ் 15 டிகிரி. நம்மிடம் ஒரு பழைய கார். எனக்கு முன்னால் ரெண்டு பேரிடம் வாழ்ந்து பார்த்துவிட்டு, மூன்றாவதாக என்னிடம் வந்து சேர்ந்த கார். (சிரிப்பு)

நம்ம ஊரில் காருக்குள்ளே ஹீட்டர் என்றால் யாருக்கும் புரியாது. சித்திரை மாசம் வெயிலில் நிறுத்தின காரைத் திறந்தாலே போதும், உள்ளே இட்லி வெந்திருக்கும்! (சிரிப்பு) ஆனால் அந்த ஊரில் ஹீட்டர் இல்லாமல் கார் ஓட்ட முடியாது. குளிருக்காக மட்டும் இல்லீங்க. நாம விடுற மூச்சு கண்ணாடியில் பட்டு, உள்பக்கமாகவே பனியாக உறைந்துபோகும். எதிரே வருவது லாரியா, ஆளா என்றே தெரியாது. சூடான காற்று கண்ணாடியில் அடித்துக்கொண்டே இருந்தால்தான் ரோடு தெரியும். அங்கே ஹீட்டர் என்பது சொகுசு இல்லை. அது கண்!

அந்த ஹீட்டரில் விசிறியின் வேகத்துக்கு ஒண்ணு, ரெண்டு, மூணு, நாலு என்று ஒரு திருகு இருக்கும். ஒரு நாள் காலையில் திருகினேன். ஒண்ணு... சத்தம் இல்லை. ரெண்டு... இல்லை. மூணு... இல்லை. நாலில் வைத்தேன். 'ஹோ'ன்னு ஆடிக்காற்று மாதிரி கிளம்பியது. "சரி, நாலாவது ஓடுதே, போதும்"னு விட்டுட்டேன். காருக்குள்ளே ஒரே இரைச்சல். என் மனைவி ஏதோ சொல்றா, எனக்குக் கேட்கலை. நான் ஏதோ சொல்றேன், அவளுக்குக் கேட்கலை. கல்யாணமாகிப் பன்னிரண்டு வருஷத்தில், காருக்குள்ளே சண்டையே இல்லாமல் நாங்கள் போய் வந்தது அந்த ஒரு வாரம்தான்! (பலத்த சிரிப்பு, கைத்தட்டல்)

நடுவர்: அப்ப எதுக்கய்யா அதைப் போய்த் திருத்தினீங்க? (சிரிப்பு)

சொல்றேன் ஐயா. அங்கேதான் சிரிப்பு நின்னு போச்சு.

என் மனைவி ஒரு முதியோர் இல்லத்தில் இரவு வேலை பார்த்தாள். விடியற்காலையில் தானே காரை ஓட்டிக்கொண்டு வருவாள். ஒரு நாள் வரும் வழியில் அந்த நாலாவதும் நின்றுவிட்டது. இன்னும் விடியவில்லை. கண்ணாடி முழுக்கப் பனி. ஒரு கையால் ஸ்டீயரிங், ஒரு கையால் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே வந்திருக்கிறாள். ஒரு முதியவர் சாலையைக் கடந்தது கடைசி நொடியில்தான் தெரிந்ததாம். பிரேக் போட்டு, ஓரமாக நிறுத்திவிட்டு எனக்குப் போன் செய்தாள். என்ன சொன்னாள் தெரியுமா? "என்னங்க"ன்னு சொன்னா. அவ்வளவுதான். அதுக்கு மேல பேச்சு வரலை. நான் பஸ் பிடித்துப் போய்ச் சேர்ந்தேன். அவளுடைய கைவிரல் பத்தும் நடுங்கிக்கொண்டிருந்தது. குளிராலே மட்டும் இல்லை. அந்த நேரத்தில் என் மனசிலே ஒன்றே ஒன்றுதான் ஓடியது. ஒண்ணு, ரெண்டு, மூணு நின்ற அன்றைக்கே நான் பார்த்திருக்க வேண்டாமா?

எதிரணி நண்பர் சொன்னபடி, தெரிந்தவரிடம்தான் முதலில் போனேன். பட்டறைக்காரர் 400 டாலர் ஆகும், எட்டு நாள் கழித்து வா என்றார். அந்த மாசம் வாடகை கொடுத்ததுபோகக் கையில் இருந்தது 200 டாலர். எட்டு நாள் என் மனைவி எப்படி வேலைக்குப் போவாள்? அப்போதுதான் முடிவு செய்தேன். நாமே பார்ப்போம்.

இங்கே கொஞ்சம் கவனமாகக் கேளுங்கள். நம்ம ஊர் ஏ.சி.க்கும் இதே கதைதான். ஹீட்டருக்கும் ஏ.சி.க்கும் காற்றைத் தள்ளுவது ஒரே ப்ளோயர் மோட்டார்தான். திருகு வைத்த கார்களில் விசிறியின் வேகத்தைக் கூட்டிக் குறைக்க ரெசிஸ்டர் என்று ஒரு சின்னப் பொருள் இருக்கும். உள்ளங்கைக்குள் அடங்கிவிடும். நாலில் வைத்தால் பேட்டரியின் 12 வோல்ட் அப்படியே மோட்டாருக்குப் போகும். மூணில் வைத்தால் ஒரு கம்பிச்சுருள் குறுக்கே நின்று கொஞ்சம் தடுக்கும். ரெண்டில் இன்னும் கொஞ்சம். ஒண்ணில் எல்லாச் சுருளும் சேர்ந்து தடுக்கும். சுருள் எரிந்துபோனால் ஒண்ணு, ரெண்டு, மூணு படுத்துவிடும். நாலு மட்டும் ஓடும். அதாவது, நாலு மட்டும் ஓடுவது ஆறுதல் இல்லை. அதுதான் நோயின் அடையாளம்!

இதைக் கண்டுபிடித்துச் சொன்னது நான் இல்லை. என் பத்தாம் வகுப்புப் புத்தகம். ஜார்ஜ் சைமன் ஓம் என்கிற ஜெர்மானியர், கொலோன் நகரத்தில் பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர், 1827-இல் மின்தடை பற்றிய தன் விதியைப் புத்தகமாக வெளியிட்டார். அவருடைய ஊரிலே அப்போது பெரிதாக யாரும் மதிக்கவில்லை. 1841-இல் லண்டன் ராயல் சொசைட்டி காப்லி பதக்கம் கொடுத்த பிறகுதான் பெயர் பரவியது. நான் அந்த ஓம் விதியை மனப்பாடம் செய்து, எழுதி, மார்க் வாங்கி, மறந்தும் போனவன். அந்த விதி இருபத்தைந்து வருஷம் கழித்து என் காரின் டேஷ்போர்டுக்கு அடியில் உட்கார்ந்திருந்தது ஐயா! (கைத்தட்டல்)

சனிக்கிழமை மத்தியானம். வெட்டவெளி கார் நிறுத்துமிடம். நானும் என் மகளும். அவளுக்கு அப்போது பதினோரு வயது. டார்ச் பிடிக்க வந்தாள். முதலில் பேட்டரியின் மைனஸ் வயரைக் கழற்றினேன். டிரைவருக்குப் பக்கத்து சீட்டின் எதிரே காகிதம் வைக்கும் பெட்டி இருக்குமே, அதைக் கழற்றினேன். அந்தக் குளிரில் பிளாஸ்டிக் அப்பளம் மாதிரி. 'டப்'பென்று ஒரு கொக்கி உடைந்தது. கடைசி வரைக்கும் அந்தப் பெட்டி கடகடவென்று ஆடிக்கொண்டேதான் இருந்தது. எதிரணிக்கு ஒரு மார்க் போட்டுக்கொள்ளுங்கள்! (சிரிப்பு)

பெட்டிக்குப் பின்னால் ப்ளோயர். அதன் பக்கத்தில் ரெசிஸ்டர். ரெண்டே ரெண்டு ஸ்க்ரூ. ஒன்றைக் கழற்றிவிட்டேன். இன்னொன்று உள்மூலையில். என் கை நுழையவில்லை. "அப்பா, நான் பண்ணட்டா?"ன்னு கேட்டா. அந்தப் பிஞ்சுக் கை உள்ளே போனது. மெல்ல மெல்லத் திருகினாள். ஸ்க்ரூ வந்தது. ரெசிஸ்டர் வந்தது. சுருள் கருகியிருந்தது. அதில் மாட்டியிருந்த பிளாஸ்டிக் ப்ளக்கும் உருகிப்போயிருந்தது. அதனால்தான் நாலும் நின்றிருக்கிறது. ரெசிஸ்டர் 40 டாலர், வயரோடு கூடிய புது ப்ளக் 15 டாலர். மாட்டினோம். திருகினோம். ஒண்ணில் மெதுவாக 'ஸ்ஸ்'ஸென்று சூடான காற்று வந்தது. என் மகள் கை தட்டினாள் பாருங்கள், அந்தக் கைத்தட்டல் இந்த அரங்கத்துக் கைத்தட்டலைவிடப் பெரிசு! (பலத்த கைத்தட்டல்)

இதோடு முடித்தால் நான் ஜெயித்த மாதிரி இருக்கும். ஆனால் தோல்வியையும் சொல்கிறேன் என்றேனே! மூன்றே வாரம். புது ரெசிஸ்டரும் எரிந்துபோனது. (எதிரணியினர் கைத்தட்டல்)

தட்டுங்க, தட்டுங்க. கொஞ்சம் பொறுத்துக்கொண்டு இதையும் கேளுங்க. எங்கள் அடுக்குமாடியில் யாழ்ப்பாணத்துப் பெரியவர் ஒருவர் இருந்தார். விஷயத்தைச் சொன்னேன். அவர் ஒரே ஒரு கேள்வி கேட்டார். "தம்பி, புதுசு பூட்டினது சரி. பழசு ஏன் எரிஞ்சது எண்டு பாத்தனீரோ?"

பொட்டில் அடித்த மாதிரி இருந்தது ஐயா. நான் எரிந்த பொருளை மாற்றினேன். எரிந்ததற்கான காரணத்தை மாற்றவில்லை! அந்தச் சுருள் மின்சாரத்தைத் தடுக்கும்போது சூடாகும். அதற்காகத்தான் அதை விசிறிக் காற்று போகும் பாதையிலேயே வைத்திருக்கிறார்கள். காற்று பட்டால் ஆறும். காற்று குறைந்தால் எரியும். போய்ப் பார்த்தால், உள்ளே காற்று வடிகட்டி முழுக்க மேப்பிள் இலைச் சருகு. விசிறிக் கூண்டுக்குள்ளே எலி ஒன்று குடித்தனம் நடத்திவிட்டுப் போயிருக்கிறது! (சிரிப்பு) காற்று பலவீனமாக வந்ததே, அப்போதே தெரிந்திருக்க வேண்டும். பழைய கார் என்று விட்டுவிட்டேன். எல்லாவற்றையும் சுத்தம் செய்தோம். 20 டாலருக்குப் புது வடிகட்டி, 40 டாலருக்கு மறுபடி ரெசிஸ்டர். அதற்குப் பிறகு அந்தக் காரை விற்கும் வரை ஹீட்டரில் ஒரு குறையும் வரவில்லை.

நடுவர்: இருங்க, இருங்க. 40, 15, 20, மறுபடி 40. மொத்தம் 115. ரெண்டு தடவை எரிஞ்சும் 400 ஆகலையே!

ஐயாவே கணக்குப் போட்டுட்டாங்க! (கைத்தட்டல்) ஆனால் நான் பணத்தை வைத்துத் தீர்ப்புக் கேட்கவில்லை. 'தெரியாதவன் கை வைத்தால் கெடுதல்' என்று எதிரணித் தலைவர் சொன்னார். ஒப்புக்கொள்கிறேன், ஓர் எல்லை வரைக்கும். நான் கை வைத்த இடத்துக்கு மேலேதான் விபத்தில் விரிகிற காற்றுப்பை இருக்கிறது. அதன் மஞ்சள் வயரை நான் தொடவில்லை. சூடான இன்ஜினில் கூலன்ட் மூடியைத் திறக்கவில்லை. பிரேக் பழுதானால் நான் பட்டறைக்குத்தான் போவேன். எதைத் தொடலாம், எதைத் தொடக்கூடாது என்று தெரிவதும் தொட்டுப் பழகியவனுக்குத்தான் வரும். யாழ்ப்பாணத்துப் பெரியவரிடம் நான் யோசனை கேட்டேன். காரைக் கொடுத்துவிட்டு வரவில்லை. கேட்டுச் செய்வதும் நாமே செய்வதுதான்!

காரைக் கொடுத்துவிட்டு வந்திருந்தால் என்ன ஆகியிருக்கும்? அவர் நல்லாவே பார்த்திருப்பார். எனக்கு ஒரு பில் கிடைத்திருக்கும். ஆனால் 'ஏன் எரிந்தது' என்ற கேள்வி எங்கள் வீட்டுக்குள்ளே வந்திருக்குமா? நடுவர் அவர்களே, வீட்டிலும் அப்படித்தானே? பிள்ளை கோபப்பட்டால் அந்தக் கோபத்தை அடக்கப் பார்க்கிறோம். எங்கே காற்று அடைத்திருக்கிறது என்று பார்க்கிறோமா? (கைத்தட்டல்)

கடைசியாக ஒன்று சொல்லி முடிக்கிறேன். நாங்கள் ஊர் திரும்பிவிட்டோம். மகள் அங்கேயே வேலை பார்க்கிறாள். போன குளிர்காலத்தில் ஒரு நாள் ராத்திரி போன். "அப்பா, என் கார்ல ஒண்ணு, ரெண்டு, மூணு ஓடலை. நாலு மட்டும்தான் ஓடிச்சு"ன்னா. எனக்குப் பழைய ஞாபகம். பதறிப்போய், "கண்ணு, முதல்ல பேட்டரி..."ன்னு ஆரம்பிச்சேன். அவ சொல்றா: "நீங்க ஒண்ணும் சொல்ல வேணாம்ப்பா. பேட்டரி வயரைக் கழட்டிட்டேன், வடிகட்டியை எடுத்துப் பார்த்தேன், ஒரே சருகு. அதைச் சுத்தம் பண்ணிட்டுத்தான் புது ரெசிஸ்டரை மாட்டினேன். இப்ப எல்லாம் ஓடுது. சும்மா உங்ககிட்ட சொல்லணும்னு தோணிச்சு, அதான் கூப்பிட்டேன்."

பக்கத்தில் நின்ற என் மனைவி போனை வாங்கினாள். "நாலு ஓடுதேன்னு விட்டுடாம அன்னைக்கே பார்த்தியே, அது போதும்டி"ன்னா. அதுக்கு மேல அவளுக்குப் பேச்சு வரலை. அன்றைக்கு ரோட்டு ஓரத்தில் நின்றவள் இல்லையா!

நடுவர் அவர்களே! பட்டறையில் கொடுத்தால் கார் சரியாகும். நாமே திருத்தினால் காரும் சரியாகும், டார்ச் பிடித்த பிள்ளையும் ஆளாகும். ஆகவே நாமே திருத்துவதுதான் குடும்பத்துக்கு நல்லது என்று நல்லதொரு தீர்ப்பைத் தாருங்கள்.

(பலத்த கைத்தட்டல்)