விசாரணை நடக்கும்போது ஜனாதிபதியின் கை எதுவரை நீளலாம்?
(திருகோணமலை ஓர்ஸ் ஹில் கூட்டத்தில் சங்கத்தின் சார்பில் ஆற்றிய உரை)



தோட்டத் தொழிலாளர் சங்கம் ஜனாதிபதியின் அதிகாரத்தைப் பற்றி ஏன் பேச வேண்டும், சம்பளத்தைப் பேசினால் போதாதா என்று நம்மில் சிலர் கேட்டார்கள். நியாயமான கேள்விதான். 2021 ஜூலையில் நடந்ததை நினைத்துப் பாருங்கள். டயகமவிலிருந்து கொழும்புக்கு வீட்டு வேலைக்குப் போன 16 வயதுப் பிள்ளை, முன்னாள் அமைச்சர் ஒருவரின் வீட்டில் தீக்காயப்பட்டு இறந்தது. புதைத்த உடலைத் தோண்டியெடுத்து மறுபடியும் பரிசோதிக்க வேண்டி வந்தது. அன்று மலையகம் முழுவதும் ஒரே குரலில் கேட்டது, யாரும் விசாரணையில் கை வைக்கக் கூடாது என்றுதான். பெரிய இடத்துக் கை எவ்வளவு தூரம் நீளும் என்று தெரிந்ததால்தான் அப்படிக் கேட்டோம்.

இந்த ஓர்ஸ் ஹில்லிலிருந்து பார்த்தால் உள்துறைமுகம் தெரிகிறது. அழகான இடம். அந்தத் துறைமுகத்துக் கடற்படைத் தளத்துக்குள் 'கன் சைட்' என்று ஓர் இடம் இருந்தது. 2008, 2009ஆம் ஆண்டுகளில் கொழும்பிலும் சுற்றுப்புறத்திலும் 11 பேர் கடத்தப்பட்டார்கள். மாணவர்களும் இருந்தார்கள், ஒரு தகப்பனும் மகனும்கூட இருந்தார்கள். தமிழ்ப் பெயர், முஸ்லிம் பெயர், சிங்களப் பெயர், மூன்றும் அந்தப் பட்டியலில் உண்டு. கப்பம் வாங்குவதற்காகக் கடத்தி, முதலில் கொழும்பிலும் பிறகு இங்கே கன் சைட்டிலும் அடைத்து வைத்தார்கள் என்பதுதான் குற்றப் புலனாய்வுத் திணைக்களம், அதாவது சீஐடி, வெளிக்கொண்டு வந்த வழக்கு. 2015 நவம்பரில் ஐ.நா.வின் காணாமற்போனோர் பற்றிய செயற்குழு இந்தத் தளத்துக்கே வந்து, நிலத்தடியில் இருந்த அறைகளைப் பார்த்துவிட்டுப் போனது. அந்த 11 பேரும் இன்றுவரை வீடு திரும்பவில்லை.

இந்த வழக்குக்கு நடந்ததைத்தான் இன்று கொஞ்சம் விரிவாகச் சொல்லப் போகிறோம்.

2016 அக்டோபரில் ஜனாதிபதி மைத்திரிபால சிறிசேன மேடையேறி, முன்னாள் பாதுகாப்புச் செயலாளரையும் முன்னாள் கடற்படைத் தளபதிகளையும் நீதிமன்றத்துக்கு அழைத்ததற்காக விசாரணை அமைப்புகளைக் கடிந்து பேசினார். அது வேறொரு வழக்கு. ஆனால் சில நாளிலேயே இலஞ்ச ஆணைக்குழுவின் பணிப்பாளர் நாயகம் பதவி விலகினார். எழுத்தில் ஒரு கட்டளையும் தேவைப்படவில்லை, ஒரு பேச்சே போதுமாக இருந்தது. நல்லாட்சி என்று சொல்லி நம்முடைய வாக்கையும் வாங்கி வந்தவர் என்பதையும் மறந்துவிடாதீர்கள். 2018 நவம்பரில் இந்த 11 பேரின் வழக்கை விசாரித்து வந்த பொலிஸ் பரிசோதகரை நீர்கொழும்புக்கு மாற்றினார்கள். எதிர்ப்பு வந்ததும் சில நாளில் இடமாற்றத்தை ரத்துச் செய்தார்கள்.

2019 நவம்பரில் முன்னாள் கடற்படைத் தளபதி வசந்த கரன்னாகொட உட்பட 14 பேர் மீது சட்டமா அதிபர், மூன்று நீதிபதிகள் கொண்ட மேல் நீதிமன்றத்தில் குற்றப்பத்திரம் தாக்கல் செய்தார். அதே மாதம் கோட்டாபய ராஜபக்ஷ ஜனாதிபதியானார். ஒரு வாரம்கூட ஆகவில்லை, சீஐடி பணிப்பாளர் ஷானி அபேசேகர காலிக்கு மாற்றப்பட்டார். அந்தப் பரிசோதகர் நாட்டை விட்டே போய்விட்டார். அபேசேகரவையே 2020 ஜூலையில் கைதுசெய்தார்கள்.

அடுத்து வந்தது ஆணைக்குழு. 2020 ஜனவரியில் 'அரசியல் பழிவாங்கல்' பற்றி விசாரிக்க ஜனாதிபதி ஒரு குழுவை நியமித்தார். அதே மாதம் அந்தக் குழு, கரன்னாகொட மீதான வழக்கை நிறுத்தும்படி சட்டமா அதிபருக்கே உத்தரவு போட்டது! அப்போதைய சட்டமா அதிபர் தப்புல டி லிவேரா, அப்படி உத்தரவிட உங்களுக்குச் சட்டத்தில் அதிகாரம் இல்லை என்று பதில் அனுப்பினார். அந்தப் பதிலை நாங்கள் பெரிதாக மதிக்கிறோம். ஆனால் அவர் ஓய்வு பெற்றுப் போன பிறகு, 2021 ஆகஸ்டில், கரன்னாகொடவுக்கு எதிராக வழக்கைக் கொண்டு போவதில்லை என்று சட்டமா அதிபர் தரப்பு மேன்முறையீட்டு நீதிமன்றத்தில் சொல்லிவிட்டது. குற்றம் நிரூபிக்கப்படவும் இல்லை, இல்லையென்று தீர்ப்பாகவும் இல்லை. பெற்றோருக்குக் கிடைக்க வேண்டியிருந்தது அந்த இரண்டில் ஒன்றாவது.

தோட்டத்துப் பேச்சில் சொன்னால், கொழுந்து நிறுவையில் கள்ளம் என்று துரை மீதே முறைப்பாடு வந்திருக்கிறது. தராசைப் பார்க்க வருகிறவரைத் துரையே நியமிக்கிறார், கணக்கெழுதுகிறவரைத் துரையே வேறு டிவிசனுக்கு மாற்றுகிறார். அப்புறம் கிலோ எப்படிச் சரியாக வரும்?

அமெரிக்காவிலும் இதே கதை நடந்திருக்கிறது. 1973 அக்டோபரில் ஜனாதிபதி நிக்சன், தன்னையே விசாரித்து வந்த விசேட வழக்குத்தொடுநரை நீக்கச் சொன்னார். சட்டமா அதிபர் மறுத்துப் பதவி விலகினார், அவருக்கு அடுத்தவரும் விலகினார். மூன்றாமவர் கையெழுத்துப் போட்டார். ஆனாலும் 1974 ஜூலையில் அங்குள்ள உச்ச நீதிமன்றம் ஒலிநாடாக்களைக் கொடுத்தே ஆக வேண்டும் என்று தீர்ப்பளித்தது. அடுத்த மாதம் நிக்சன் வீட்டுக்குப் போனார்.

நம் நாட்டில் என்ன எல்லை இருக்கிறது? 1978 யாப்பின் 35ஆம் உறுப்புரைப்படி, பதவியில் இருக்கும் ஜனாதிபதி மீது வழக்குப் போட முடியாது. அதனால்தான் 2019இல் கோட்டாபய மீதிருந்த அருங்காட்சியக வழக்கு, அவர் ஜனாதிபதியானதும் கைவிடப்பட்டது. ஆனால் 1999இல், மாகாண சபைத் தேர்தல்களை ஒத்திவைத்தது பற்றிய வழக்கில், உயர் நீதிமன்றம் ஒன்றைத் தெளிவாக்கியது. அந்தக் கவசம் ஆளுக்குத்தான், அவர் செய்த காரியத்துக்குக் கிடையாது. 2015இல் வந்த 19ஆம் திருத்தத்தால், ஜனாதிபதி பதவியின் பேரில் செய்த காரியத்துக்கு எதிராக, சட்டமா அதிபரைப் பிரதிவாதியாக்கி அடிப்படை உரிமை மனுப் போட வழி கிடைத்தது. பதவி போனால் கவசமும் போகும். 2025 ஆகஸ்டில் முன்னாள் ஜனாதிபதி ரணில் விக்கிரமசிங்கவைக் கைதுசெய்ய முடிந்தது அதனால்தான்.

மன்னிப்புக்கும் எல்லை உண்டு. மரண தண்டனை பெற்ற முன்னாள் எம்.பி. துமிந்த சில்வாவுக்கு 2021 ஜூனில் கோட்டாபய மன்னிப்புக் கொடுத்தார். கொலையுண்டவரின் மனைவியும் மகளும் நீதிமன்றம் போனார்கள். 2024 ஜனவரியில் உயர் நீதிமன்றம் அந்த மன்னிப்பைச் செல்லாது என்றது. ஒரு தாயும் மகளும் ஜனாதிபதியின் கையெழுத்தை அழித்தார்கள்! மிருசுவிலில் 2000ஆம் ஆண்டு சிறுபிள்ளைகள் உட்பட எட்டுப் பேரைக் கொன்ற வழக்கில் தண்டனை பெற்ற இராணுவச் சிப்பாய்க்கு 2020 மார்ச்சில் கொடுத்த மன்னிப்பையும் எதிர்த்து மனுப் போட்டிருக்கிறார்கள்.

2025இல் ஷானி அபேசேகர மீண்டும் சீஐடி பணிப்பாளரானார். அதே ஆண்டு ஜூலையில் இன்னொரு முன்னாள் தளபதி நிஷாந்த உலுகேதென்ன, வேறொரு இளைஞர் காணாமற்போன வழக்கில் கைதானார். மகிழ்ச்சிதான். ஆனால் அடுத்த ஜனாதிபதி மறுபடியும் ஒரே வாரத்தில் எல்லாரையும் மாற்றலாம் என்றால் இந்த மகிழ்ச்சிக்கு ஆயுள் எவ்வளவு? அதனால் நாம் கேட்பது இதுதான். வழக்கு நடக்கும்போது விசாரணை அதிகாரியை இடம் மாற்றுவதானால், காரணம் எழுத்தில் நீதிமன்றத்துக்குப் போக வேண்டும். சட்டமா அதிபரின் வேலையிலிருந்து வழக்குத் தொடுப்பதைப் பிரித்து, சுயாதீனமான ஓர் அலுவலகத்திடம் கொடுக்க வேண்டும்.

கடைசியாக, தோட்டத் தலைவர்மார் குறித்துக்கொள்ள வேண்டிய ஒரு விடயம். அடிப்படை உரிமை மனுவுக்கு ஒரு மாதம்தான் அவகாசம். அந்த மாதத்துக்குள் மனித உரிமைகள் ஆணைக்குழுவில் முறைப்பாடு கொடுத்தால், அவர்கள் விசாரிக்கும் நாட்கள் அந்தக் கணக்கில் சேராது. பொலிஸில் முறைப்பாடு கொடுத்தால் திகதியும் இலக்கமும் உள்ள துண்டைக் கேட்டு வாங்குங்கள், அதில் ஒரு பிரதியைச் சங்கக் காரியாலயத்தில் கொடுங்கள். சட்டத்தரணிக்குக் காசில்லை என்றால் சட்ட உதவி ஆணைக்குழு இருக்கிறது, கூடப் போக நாங்கள் இருக்கிறோம்.