வலி வில்லையும் அதன் பெயரும்



உடலுழைப்பால் வாழ்பவர்க்கு நாற்பது, ஐம்பது அகவைக்கு மேல் வலி இல்லாத நாள் அரிது. குனிந்து நாற்று நட்டவர்க்கு இடுப்பிலும், தறிக்குழியில் கால்விட்டு ஆண்டுக்கணக்கில் மிதித்தவர்க்கு முழங்காலிலும், தையற்பொறியின் முன் கழுத்து வளைந்து கிடந்தவர்க்குப் பிடரியிலும் அது வந்து குடியேறிவிடுகின்றது. மருத்துவரிடம் போனால் ஒருநாட் கூலி போய்விடும். ஆகவே அவர் தெருமுனை மருந்துக்கடைக்குப் போகின்றார். "மூட்டுவலிக்கு இரண்டு மாத்திரை கொடு தம்பி" என்கின்றார். கடைக்காரர் பத்து வில்லை கொண்ட அட்டையை எடுத்துக் கத்தரியால் இரண்டை நறுக்கித் தருகின்றார். அந்த நறுக்கில் மருந்தின் பெயர் பாதி இருக்கும். சில வேளை அதுவும் இராது. காலங்கடந்ததா என்று பார்க்கவும் வழியில்லை. வலி அடங்குகின்றது, சில மணி நேரங் கழித்து மீள்கின்றது. மறுநாளும் அதே கடை, அதே கத்தரி.

உண்டது என்ன மருந்து என்று அவரைக் கேட்டுப் பாருங்கள். "சிவப்பு மாத்திரை" என்பார். இடர் அங்கேதான் தொடங்குகின்றது.

அவ்வாறு விற்கப்படும் வலி வில்லைகளுட் பல ஓரினத்தைச் சேர்ந்தவை. இசுட்டீராய்டு என்னும் வகையைச் சேராமல் வீக்கத்தையும் வலியையும் அடக்குவன என்று மருத்துவ நூலார் இவற்றைப் பிரித்துரைப்பர். வீக்கமடக்கிகள் என்று சுருங்கச் சொல்லலாம். ஐபுபுரோபன், டைக்குளோபினாக், அசிக்குளோபினாக், நாப்புரோக்சன், அசுப்பிரின் ஆகியவை இவ்வினத்தன. (டகரம் மொழிக்கு முதலாகாது என்பதைத் தமிழறிந்தார்க்கு எடுத்துச் சொல்ல வேண்டுவதில்லை. அட்டையிற் கண்டு பிடிக்க வேண்டிய பெயராகலின் ஒலித்தபடியே விடப்பட்டது. உயிரைக் காக்கும் இடத்தில் இலக்கணம் சற்றே ஒதுங்கி நிற்கலாம்.)

இப்பெயர்களின் மேல் நிறுவனங்கள் தத்தம் வணிகப் பெயரைப் போர்த்தி விற்கின்றன. காம்பிபிளாம் என்பதனுள் ஐபுபுரோபனும் பாராசிட்டமாலும் உள்ளன. வோவெரான் என்பது டைக்குளோபினாக்கு. முழங்காலுக்கென்று ஒரு கடையில் முன்னதையும், இடுப்புக்கென்று வேறோரிடத்தில் பின்னதையும் வாங்கி ஒரே நாளில் விழுங்குகின்றவர், இரண்டு நோய்க்கு இரண்டு மருந்து உண்டதாகவே எண்ணுவார். அவர் இரைப்பைக்கோ ஒரே வகைச் சுமை இருமடங்காக ஏறுகின்றது. வலி இருமடங்கு குறைவதுமில்லை. பாராசிட்டமால் இவ்வினத்தினின்றும் வேறானது. அது வீக்கத்தை அடக்காது. உரிய அளவில் உண்டால் இரைப்பையைப் புண்ணாக்குவதும் இல்லை. அளவு மிஞ்சினாற் கல்லீரலைக் கெடுக்கும். இரண்டு அட்டையிலும் அஃது ஒளிந்திருந்தால் அளவு மிஞ்சுவது எளிது.

வீக்கமடக்கி ஏன் இரைப்பையைத் தாக்குகின்றது? 1971-இல் இங்கிலாந்து நாட்டு அறிஞர் சான் வேன் இதற்கு விடை கண்டார். அடிபட்ட இடத்திலும் தேய்ந்த மூட்டிலும் உடல் புரோசுட்டாகிளாண்டின் என்னும் ஒரு பொருளை ஆக்குகின்றது. வீக்கமும் வலியும் அதனாற் பெருகுகின்றன. அசுப்பிரினும் அதனையொத்த மருந்துகளும் அப்பொருள் ஆகாதபடி தடுக்கின்றன. இக்கண்டுபிடிப்பிற்காக 1982-இல் வேறிரு அறிஞரோடு அவருக்கு நோபல் பரிசு வழங்கப்பட்டது. ஆனால் அதே பொருள்தான் இரைப்பையின் உட்சுவரைப் புளிப்பு நீர் அரிக்காமற் காக்கின்றது. சிறுநீரகத்திற்குக் குருதியோட்டம் குன்றாமலும் பார்த்துக் கொள்கின்றது. மருந்துக்கு முழங்கால் இது, இரைப்பை இது என்று தெரியாது. எல்லா இடத்திலும் தடுக்கும். வலி தீர்வதும் புண் வருவதும் ஒரே வினையின் இரு முகங்கள் என்பதை மனத்திற் கொண்டால் மற்றவை எல்லாம் தாமே விளங்கும்.

'ஊசியாகப் போட்டுக்கொண்டால் வயிற்றுக்கு ஒன்றுஞ் செய்யாது' என்று ஊரிற் சொல்வதுண்டு. அது பிழை. ஊசி மருந்தும் குருதி வழியே இரைப்பைக்குத்தான் போய்ச் சேரும். உணவுக்குப் பின் உண்பது எரிச்சலைக் குறைக்கும், நல்லதே. ஆயினும் புண்ணைத் தடுக்கும் முழு அரண் அன்று. முன்பு இரைப்பைப் புண் இருந்தவர், அறுபத்தைந்து அகவை கடந்தவர், குருதி உறையாமைக்கு மருந்துண்பவர், குடிப்பழக்கம் உடையவர் ஆகியோர்க்கு இடர் மிகுதி. அவர்க்கு இது கட்டாயம் வேண்டுமாயின், புளிப்பு நீரைக் குறைக்கும் மருந்தையும் மருத்துவர் சேர்த்துத் தருவர்.

சிறுநீரகத்தின் செய்தி இதனினும் கொடிது. அது கெடும்போது வலிப்பதில்லை. வேனிலில் வெயிலில் உழைத்து நீர் வற்றிய உடல், கக்கலும் கழிச்சலும் கண்ட உடல், நீரிழிவால் முன்னரே தளர்ந்த சிறுநீரகம், குருதி அழுத்தத்திற்காகச் சிறுநீரைப் பெருக்கும் வில்லை உண்பவர் உடல் – இங்கெல்லாம் குருதியோட்டத்தைத் தாங்கி நிற்பது அந்தப் புரோசுட்டாகிளாண்டினே. அதனையும் தடுத்துவிட்டாற் சிறுநீரகம் சில நாளிலேயே நின்றுபோகவுங் கூடும்.

பாறு என்று பழந்தமிழர் வழங்கிய பிணந்தின்னிக் கழுகினம் நம் வானிலிருந்து ஏறத்தாழ மறைந்து போனதும் இம்மருந்தால்தான். மாடுகளின் வலிக்கு டைக்குளோபினாக் போட்டார்கள். இறந்த மாட்டைத் தின்ற பாறுகள் சிறுநீரகங் கெட்டு மடிந்தன. 2004-இல் வெளியான ஆய்வு இதனை மெய்ப்பித்தது. அதற்குள் இந்தியாவில் வெண்முதுகுப் பாறு நூற்றுக்குத் தொண்ணூற்றொன்பது பங்கு அழிந்துவிட்டது. 2006-இல் கால்நடைக்கு அதனைத் தர அரசு தடை செய்தது. நீலமலையடியில் மாயாற்றுப் பள்ளத்தாக்கில் எஞ்சியவை இன்றும் கூடு கட்டுகின்றன. மாந்தர் உடல் பாற்றின் உடலன்று.  ஆயினும் அடிபடும் உறுப்பு அதுவே.

நெஞ்சாங்குலைக்கும் இதில் இடருண்டு. இவ்வினத்துப் புதுமருந்தான ரோபிகாக்சிப், மாரடைப்பை மிகுவித்தமையால் 2004-இல் உலகெங்கும் திரும்பப் பெறப்பட்டது. டைக்குளோபினாக்கும் அவ்வகையில் ஐயத்திற்குரியதே. மாரடைப்புக் கண்டவர் இதனைத் தாமாகத் தொடலாகாது. நெஞ்சுக்கென்று சிற்றளவு அசுப்பிரின் உண்பவர் அதனைத் தாமாக நிறுத்தவுங் கூடாது. மருத்துவரைக் கேளாமல் உடன் ஐபுபுரோபன் உண்ணவுங் கூடாது, அசுப்பிரினின் ஆற்றல் அதனாற் குன்றும். ஐந்தாம் திங்கள் முதற் சூலுற்ற மகளிர்க்கு இவ்வின வலிமருந்து ஆகாது. மூச்சிளைப்பு நோயுள்ளோருட் சிலர்க்கு இது மூச்சை அடைக்கும்.

காய்ச்சலோடு கூடிய உடல்வலியில் தனி விழிப்பு வேண்டும். 2006-இல் சிக்குன்குனியா பரவியபோது மூட்டுகள் பூட்டுப் போட்டாற்போல் இறுகின. மக்கள் வலி வில்லைக்கு ஓடினர். ஆனால் டெங்குக் காய்ச்சலும் அதே போன்ற வலியோடுதான் தொடங்கும். டெங்குவில் குருதி உறையுந் திறம் குன்றும். அங்கு வீக்கமடக்கி குருதிப்போக்கை மிகுவிக்கும். டெங்கு இல்லையென்று தெளியும் வரை பாராசிட்டமாலும் நீராகாரமுமே போதும்.

பின் எப்படி உண்பது? வலி தாங்கக்கூடியதாகும் மிகக் குறைந்த அளவு, மிகக் குறைந்த நாள். சீட்டின்றி ஐபுபுரோபன் விற்கும் நாடுகளில், வளர்ந்தோர் தாமாக உண்பதற்கு விதித்த எல்லை ஒரு நாளைக்கு 1200 மில்லிகிராம். அஃதாவது 400 மில்லிகிராம் வில்லை மூன்று. பத்து நாளுக்கு மேல் தேவைப்படின் அது மருத்துவர் பார்க்க வேண்டிய வலி. முழங்கால், கைவிரல் மூட்டுகளுக்கு டைக்குளோபினாக் களிம்பை மேலே தடவினாலே பலர்க்குத் தணியும். குருதியிற் கலப்பதோ மிகச் சிறிது. முதலில் அதனை நாடுவதே அறிவுடைமை. வெளிக்குப் போகையிற் கீல்போற் கருத்துப் போதல், கக்கியதில் குருதி, கால் வீக்கம், சிறுநீர் குறைதல், நெஞ்சுவலி, மூச்சுத் திணறல், தோல் தடித்தல் – இவற்றுள் ஒன்று கண்டாலும் வில்லையை நிறுத்தி அன்றே மருத்துவமனைக்குச் செல்ல வேண்டும்.

இத்தனையும் அறிந்தாலும், கையிலிருப்பது எதுவென்று தெரியாதவர் என்ன செய்வார்? தனி மருந்தின் இயற்பெயரை வணிகப் பெயரினும் பெரிதாக அச்சிட வேண்டும் என்று 2018-இல் விதி வந்தது. பெரிதாகத்தான் அச்சிடுகிறார்கள், ஆங்கில எழுத்தில். தமிழ் மட்டும் படிக்கத் தெரிந்த மூதாட்டிக்குச் சிறிய ஆங்கிலமும் பெரிய ஆங்கிலமும் ஒன்றே. அட்டையிற் பெயரும் எச்சரிக்கையும் தமிழிலும் வேண்டும் என்று கேட்பது மொழிப்பற்று மட்டுமன்று, சிறுநீரகத்தைக் காக்கும் வேலையும் ஆகும்.

அது வருமளவும் ஒன்று செய்யலாம். நறுக்கிய துண்டை வாங்காதீர்கள். பெயரும் நாளும் உள்ள பக்கத்தையே கேளுங்கள். காகிதப் பையின் மேல் மருந்தின் இயற்பெயரையும், ஒரு நாளைக்கு எத்தனை, எத்தனை மணிக்கொன்று என்பதையும் தமிழில் எழுதித் தரும்படி கடைக்காரரைக் கேளுங்கள், மறுப்பவர் சிலரே. எழுதிய பையை வீட்டிற் கண்ணிற்படும் இடத்தில் செருகி வையுங்கள். வேறு எதற்காக எந்த மருத்துவரிடம் சென்றாலும், வாய் திறக்குமுன் அந்தப் பையை எடுத்து அவர் மேசைமேல் வையுங்கள்.